பள்ளிக்கூடத்து ஜாகா

புக்கிட் செராயா ரப்பர் தோட்டத்தில் முனியாண்டியின் குரலைக் கேட்காத மரம் கிடையாது. பள்ளத்தில் நின்று பால் வெட்டுகிறவன் மேட்டு நிரைக்காரனிடம் சுருட்டுக்கு நெருப்புக் கேட்க வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியதில் வீட்டுக்குள்ளும் அவனுக்கு அதே குரல்தான். கோப்பி கேட்டால்கூட யாரோடோ சண்டை போடுகிற மாதிரி இருக்கும். லயத்து வீடுகளில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. டவுன் ஆபீஸ்களில்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மகள் தவமலருக்கு முதல் வலிப்பு வந்தது பள்ளிக்கூடத்தில். அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. காலையில் கொடியேற்றும்போது வரிசையில் நின்றவள் நின்ற நிலையிலேயே சிமெண்டுத் தரையில் விழுந்தாள். முன்பல் உடைந்தது. கைகால் இழுப்பதைப் பார்த்த சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு வகுப்புக்குள் ஓடின. யாரோ இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். மரத்தடியில் கத்தியைப் போட்டுவிட்டு முனியாண்டி ஓடி வந்து சேர்ந்தபோது, பிள்ளை வாயோரம் ரத்தமும் நுரையுமாக மேசை மேல் கிடந்தாள். தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இது பேயும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, மூளையில் வருகிற கோளாறு. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மாத்திரை தவறாமல் கொடுத்தால் அடங்கியிருக்கும். ஒரு வேளை விட்டாலும் திரும்ப வரும். வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இழுப்பு நிற்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் அட்டெண்டன் ஒருவர் அதை எடுத்துச் சொன்னார். முனியாண்டி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

காலை மாத்திரையில் சிக்கல் இல்லை. இரவு மாத்திரையிலும் இல்லை. சிக்கலெல்லாம் மதிய மாத்திரையில்தான். முனியாண்டி இருட்டோடு பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் வெட்டி முடித்து, மங்கு மங்காகப் பாலெடுத்து, தோளில் காண்டாக் கம்பு போட்டு ஸ்டோருக்குச் சுமந்து, எடை நிறுத்துவிட்டு வீடு சேர மத்தியானம் தாண்டிவிடும். மனைவி ராக்கம்மா சுங்கை காடுட்டில் கையுறை ஃபேக்டரிக்குப் போகிறவள். அவளை ஏற்றிப்போகிற பஸ் விடியும் முன்பே சிம்பாங் முச்சந்தியில் வந்து நிற்கும். ஆயா கொட்டகையில் பிள்ளையை விடலாமென்றால், கொட்டகை மாரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்குய்யா. கைப்புள்ளைங்க பத்து பதினஞ்சு தொட்டில்ல கெடக்குது. இது விழுந்து இழுத்துச்சின்னா நான் எதைப் பாப்பேன்? என்னாலா ஆகும்?”

வலிப்பு வந்த அன்றே பிள்ளையை நிறுத்திவிட்டிருந்த பள்ளிக்கூடத்தில் மறுபடி போய்க் கேட்டான். அமிர்தலிங்கம் சார் கெட்டவர் இல்லை. முன்பு வேறு தோட்டத்தில் அவர் வேலை பார்த்தபோது, சுற்றுலா கூட்டிப்போன இடத்தில் ஒரு பையன் ஆற்றோடு போய்விட்டான். போலீஸ், விசாரணை என்று அவரை அலைக்கழித்துவிட்டார்கள். அதிலிருந்து பிள்ளைகள் ஓடினாலே அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

“முனியாண்டி, இந்தப் புள்ளைக்கு இனிமே வலிப்பு வராதுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. ஒடனே சேத்துக்கிறேன்” என்றார்.

டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். அப்படி யாரால் எழுதித் தர முடியும்? மாத்திரையைத் தோட்டத்து டிரஸரிடம் வைத்துக் கொடுக்கச் சொல், மாதாமாதம் நீ இங்கே வர வேண்டியதில்லை என்றார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கிற டிரஸர் மணியம், “எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஆனா இது கண்ட்ரோல் மருந்து. பெரியாஸ்பத்திரி ஆர்டர் அனுப்பணும், மேனேஜர் சரின்னு சொல்லணும்” என்றார். மேனேஜரைப் பார்க்கப் போனால் ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி வாசலிலேயே மறித்து, அதெல்லாம் கவர்மெண்ட் வெல்ஃபர் சமாச்சாரம், சிரம்பானுக்குப் போ என்றார். வெல்ஃபர் ஆபீசில், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அங்கிருந்து தாள் கொண்டுவா என்றார்கள். பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்கவில்லையே என்றான். அப்படியானால் முதலில் சேர்த்துவிட்டு வா என்றார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போனது. வேலை வாங்குகிற மண்டோர் முகத்தைத் தூக்கினான். முனியாண்டியின் நிரையை வேறு ஆள் கன்னாபின்னாவென்று வெட்டிப் பட்டையில் காயம் போட்டான். திரும்பி வந்து அந்த மரங்களைப் பார்க்கும்போது முனியாண்டிக்கு அழுகை வரும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். மடியில் மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். கவுண்டர் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போகப் பார்த்தாள். “நொன்யா, நாந்தி டுலு!” என்று எழுந்தான். பொறுங்கள் என்றுதான் சொன்னான். ஆனால் சொன்னது பள்ளத்து நிரைக் குரலில். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசல் காவலுக்கு நின்ற ஜாகா வந்து அவன் தோளில் கை வைத்தான். மலர் விழித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மாத்திரை வாங்காமலே திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்து அடுப்படியில் அவளுக்கு வலிப்பு வந்தது. கொதிக்கிற குழம்புச் சட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாள்.

ராக்கம்மா அன்று இரவு சோறு தின்னவில்லை.

“இந்தாங்க, போற எடத்துலயெல்லாம் கொஞ்சம் மெல்லப் பேசுனா என்னா?”

“நான் மெல்லத்தானே பேசுனேன்.”

“நீங்க மெல்லத்தான் பேசுறீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

மழைக்காலம் தொடங்கி, மரமெல்லாம் நனைந்து வெட்டில்லாமல் ஆட்கள் லயத்தில் முடங்கிக் கிடந்த ஒரு நாளில், வெல்ஃபர் ஆபீசிலிருந்து சீதாலெட்சுமி வந்தாள். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பெண். அந்தக் குடும்பத்தில் கவர்மெண்ட் வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். சின்னக் காரை மண்ரோட்டு முனையில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். ராக்கம்மா அவசரமாகத் துண்டை உதறிப் பலகையில் விரித்தாள். நெத்திலிச் சம்பாலும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தட்டில் வந்தன.

“பசியாறுங்கம்மா.”

அவள் கூச்சப்படாமல் சாப்பிட்டாள். மலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெயர் எழுதச் சொன்னாள். மலர் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பிறகு சீதாலெட்சுமி முனியாண்டியைப் பார்த்தாள்.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க குடிப்பீங்களா?”

“யாரும்மா சொன்னா?”

“ஆஸ்பத்திரியில. குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டாருன்னு சொன்னாங்க. எங்க ஆபீசுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. தகப்பன் குடிகாரன்னு.”

தோட்டத்தில் கள்ளுக்கடைப் பக்கமே போகாத நாலைந்து பேரில் முனியாண்டி ஒருவன். ராக்கம்மா முந்திக்கொண்டாள். “அம்மா, இவருக்குத் தொண்டதான் கெட்டது. வேற ஒரு கெட்டதும் கெடையாது.”

சீதாலெட்சுமி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “நீங்க தனித்தனியா அலையுறதாலதான் இந்தக் கதி. டாக்டர் ஒண்ணு சொல்றாரு, பள்ளிக்கூடம் ஒண்ணு சொல்லுது. எல்லாரையும் ஒரே எடத்துல உக்கார வச்சுப் பேசினா ஒரு மணி நேர வேலைதான். நான் கூட்டுறேன்.”

அந்த வார்த்தையைக் கேட்டபோது முனியாண்டிக்கு மார்பிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எல்லாரும் ஒரே இடத்தில். அவன் அதைக் கேட்கத் தெரியாமல்தானே இத்தனை நாள் அலைந்தான்!

கூட்டம் தோட்டத்து ஹாலில் நடந்தது. கல்யாணத்துக்கும் படம் போடுவதற்கும் திறக்கிற இடம். நீள மேசையில் வெள்ளைத்துணி விரித்து, கறிபாப்பும் தேத்தண்ணியும் வைத்திருந்தார்கள். பெரிய கிராணி மேனேஜருக்குப் பதிலாக வந்திருந்தார். டிரஸர் மணியம், அமிர்தலிங்கம் சார், ஆஸ்பத்திரியிலிருந்து மிஸ்ஸி என்று கூப்பிடுகிற ஒரு மலாய் நர்ஸ், மேசையின் தலைப்பக்கம் சீதாலெட்சுமி. டாக்டருக்கு வர முடியவில்லை. முனியாண்டிக்கும் ராக்கம்மாவுக்கும் சுவரோரமாக பெஞ்சு போட்டிருந்தது. ராக்கம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு ஃபேக்டரி சட்டையோடே வந்திருந்தாள். வெளியே தகரக்கூரையில் மழை கொட்டியது.

இங்கிலீஷிலும் மலாயிலும் பேசினார்கள். மலாய் முனியாண்டிக்குப் புரியும். மிஸ்ஸி, மருந்து தருவது எங்கள் பொறுப்பு, அதை ஊட்டுவது எங்கள் பொறுப்பு இல்லை என்றாள். டிரஸர், ஆர்டர் வந்தால் வைத்துக்கொள்வேன், ஆனால் மத்தியானம் நான் இன்னொரு டிவிஷனில் இருப்பேன் என்றார். அமிர்தலிங்கம் சார், மருந்து கொடுக்க ஆசிரியருக்கு அனுமதி இல்லை என்றார். பேச்சு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. தேத்தண்ணி ஆறியது.

அப்போது பெரிய கிராணி, “எதுக்கு இந்தப் புள்ளைக்குக் கஷ்டம்? டவுன்ல ஹோம் இருக்குல்ல? இந்த மாதிரிப் புள்ளைங்கள வச்சுப் பாக்குற எடம். சாப்பாடு, மருந்து எல்லாம் அங்கயே” என்றார்.

அதுவரை பேச்சில் இல்லாத சுறுசுறுப்பு வந்தது. மிஸ்ஸி தலையை ஆட்டினாள். அங்கே நர்ஸ் இருக்கிறாள், நல்ல யோசனை. டிரஸர், வேண்டிய மெடிக்கல் பேப்பரைத் தானே தயார் செய்து தருவதாகச் சொன்னார். அமிர்தலிங்கம் சார், பள்ளிக்கூடத்துத் தாளை நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னார். கிராணி, தோட்டத்து லோரியில் கொண்டுபோய் விடலாம் என்றார். சீதாலெட்சுமி பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

முனியாண்டி எழப் பார்த்தான். எழுந்தால் குரல் வரும், வந்தால் குடிகாரன் என்பார்கள். பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்தது ராக்கம்மா.

“என்னாங்க இது, கல்யாணம் பேசுறாப்புல ஒத்துமையா பேசி முடிச்சிட்டீங்க? நாங்க என்னா கேட்டோம்? மத்தியானம் ஒரு மாத்திர. ஒரு ஆளு அத எடுத்து வாயில போட்டு, ஒரு மொடக்குத் தண்ணி குடுக்கணும். பள்ளிக்கூடத்துல ஒரு நாக்காலி வேணும். அதக் கேட்டதுக்கு ஆளாளுக்கு ஒரு தெசைக்கு இவரத் தொரத்துனீங்க. இப்பப் புள்ளையவே அனுப்புன்னா எல்லாருக்கும் தாளு இருக்கு, லோரி இருக்கு. இது மட்டும் எப்புடிலா ஒடனே வந்துச்சு?”

மிஸ்ஸி, அந்தம்மா என்ன சொல்கிறாள் என்று டிரஸரிடம் மெல்லக் கேட்டாள். அவர் மொழிபெயர்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சீதாலெட்சுமி அமிர்தலிங்கம் சாரை விடவில்லை. ஹால் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி அவரோடு நெடுநேரம் வாதாடினாள். கடைசியில் அவர் இறங்கி வந்தது இவ்வளவுதான்: தாயோ தகப்பனோ பள்ளி நேரம் முழுக்க வாசலில் இருக்க வேண்டும். எது நடந்தாலும் அவர்கள் பொறுப்பு. இருந்தால் பிள்ளை வரலாம்.

“இதுக்கு மேல என்னால முடியலண்ணே” என்று சீதாலெட்சுமி முனியாண்டியிடம் வந்து சொன்னாள். கண் கலங்கியிருந்தது. “உங்களுக்கு ஒதவி பண்ணத்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். அவங்க சேந்துக்கிட்டு...” முடிக்காமல் சேற்றில் இறங்கிப் போனாள்.

யார் போய் உட்காருவது? ராக்கம்மா ஃபேக்டரியை விட்டால், மழைக்காலத்தில் அடுப்பு எரியாது. முனியாண்டி தோட்ட வேலையை விட்டால் லயத்து வீடு போய்விடும். கடைசியில் அவனே ஒரு வழி கண்டான். பால் ஸ்டோரின் ராத்திரி ஜாகா கிழவர் வேலையை விட்டு மகனோடு அம்பாங்கானுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, கிராணியிடம் போய் அந்த வேலையைக் கேட்டான். கிராணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்ல வெட்டுக்காரன்பா நீ. ஜாகா வேல கெழவனுங்க வேல. சம்பளமும் கம்மி.”

“பரவால்லங்கய்யா. ராத்திரி முழிச்சா பகல் எனக்குத்தானே?”

வெட்டுக்கத்தியைத் தம்பி முறைக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான்.

தவமலர் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். வயதைப் பார்த்து இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். விடியும்வரை ஸ்டோரைச் சுற்றிவிட்டு, குளித்து, கோப்பியில் ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டு, மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து வகுப்பு ஜன்னலுக்கு நேரே இருந்த மரத்தடியில் முனியாண்டி உட்காருவான். மத்தியானம் மைலோவோடு மாத்திரையைக் கொடுப்பான். பிள்ளைகள் அவனை மலர் மாமா என்றார்கள். விளையாட்டில் சண்டை வந்தால் அவனிடம்தான் தீர்ப்புக்கு வந்தார்கள். சில பேர் பள்ளிக்கூடத்து ஜாகா என்றும் கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு தரம் வகுப்பிலேயே வலிப்பு வந்தது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். நாற்காலிகளைத் தள்ளி, மகளை ஒருக்களித்து, தோளில் கிடந்த துண்டை மடித்துத் தலைக்கு வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். “பயப்படாதீங்க புள்ளைங்களா, தானா நிக்கும்” என்றான். பிள்ளைகள் சுற்றி நின்று கண்கொட்டாமல் பார்த்தன. தற்காலிக ஆசிரியையாக வந்திருந்த செல்வராணி டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

சீதாலெட்சுமி அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தாள். மலர் பாடம் வாசிப்பதை ஜன்னலில் நின்று கேட்டாள். “ஆபீசுல உங்க கேஸ முடிச்சாச்சுண்ணே. எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சுன்னு மேலெடத்துல எழுதிக்கிட்டாங்க. எங்க பெரியவரு கூட்டத்துல இத எடுத்துக்காட்டாச் சொன்னாராம்” என்றாள். சந்தோஷமாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். தெரியவில்லை.

“என்னாம்மா ஏற்பாடு ஆச்சு? நான்தான் உக்காந்திருக்கேன்” என்றான்.

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்து காரை நோக்கி நடந்தாள். கொஞ்ச நாளில் அவளைக் குவாலா பிலா பக்கம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டான்.

இப்படி மாதங்கள் போயின. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் கண்ணயர்வது மட்டும்தான் அவனுக்குத் தூக்கம். லயத்தில் அந்த நேரத்தில் ரேடியோ பாடும், பிள்ளைகள் பந்தடிக்கும், கோழி கத்தும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டே தூங்கி ஒரு நாள் வடிகாலில் விழுந்தான். ராக்கம்மா எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். “நான் ஃபேக்டரி வேலைலேருந்து நின்னுக்கிறேன், நீங்க கத்தியப் புடிங்க” என்றாள். அடுத்த ஃபேக்டரி பஸ்ஸுக்கு அவளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பவும் செய்தாள். வேறு வழி இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை மாதத்து வெயில் நாள் ஒன்றில், மரத்தடியில் உட்கார்ந்தபடியே முனியாண்டி தூங்கிப்போனான்.

“மாமா! மலர் மாமா! எந்திரிங்க!”

மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை அவன் தோளைப் பிடித்து உலுக்கியது. “மலருக்கு வந்துச்சு. முடிஞ்சுபோச்சு.”

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். வகுப்பில் நாற்காலிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மலர் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் யாருடையதோ புத்தகப்பை. செல்வராணி டீச்சர் தரையில் மண்டியிட்டுச் சேலைத் தலைப்பால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றன. ஒன்று மட்டும் அவனிடம், “பொத்தான நான்தான் கழட்டுனேன் மாமா” என்றது.

வாசலில் அமிர்தலிங்கம் சார் நின்றார்.

“நீ எங்கப்பா இருந்த?”

“தூங்கிட்டேன் சார்.”

“தூங்குறதுக்கா ஒன்ன அங்க உக்கார வச்சேன்? நம்ம பேச்சு என்னா? நீ இருக்கேன்னுதானே நான் சேத்துக்கிட்டேன்? நாளைலேருந்து புள்ளைய அனுப்பாத.”

செல்வராணி டீச்சர் எழுந்து நின்றாள்.

“சார், நாங்க பாத்துக்கிட்டோம்ல.”

“ஏதாச்சும் ஆயிருந்தா?”

“ஆகல சார்.”

“ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார். என் வகுப்புப் புள்ளதானே.”

அவர் அவளையும் முனியாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

“நீங்க வீட்டுக்குப் போயி படுங்கண்ணே. மத்தியான மாத்திரைய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க” என்றாள் டீச்சர்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் எத்தனையோ வாசல் ஏறி இறங்கினான். கேட்டதும் நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதை அன்றைக்கே ஒரு ஆள் சொல்லியிருக்கக் கூடாதா? சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“டீச்சர், நீங்க இங்கதானே இருப்பீங்க?”

“எனக்கு வருஷக் கடைசி வரைக்கும்தான் வேலண்ணே. அதுக்கப்புறம் எங்க போடுவாங்களோ, போடாமயே விடுவாங்களோ, தெரியல.”

வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தான். இன்னும் மத்தியானம் ஆகாததால் லயம் அமைதியாக இருந்தது. எல்லாரும் வெட்டுக்குப் போயிருந்தார்கள். தூங்க வேண்டியதுதான் பாக்கி. கண்ணை மூடினால் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூட மணி தூரத்தில் அடித்தது. மாத்திரை கொடுத்திருப்பாளா, மறந்திருப்பாளா? புரண்டு படுத்தான். எழுந்து உட்கார்ந்தான். பிறகு சைக்கிளை எடுத்தான்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். செல்வராணி டீச்சர் மைலோ கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். மலர் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, விளையாடுகிற கூட்டத்துக்குள் ஓடினாள். மரத்தடிப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை போனால் ஆகஸ்டு. அப்படியே வருஷம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யார்? டிசம்பரில் போய்க் கேட்டால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்பார்கள். முனியாண்டி சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறையை நோக்கி நடந்தான்.